அருள் மாமா போட்ட கையெழுத்து

12 ஜூன், வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். வியாழன் வேறு, சர்ச் இருக்கும் தெரு முழுக்க மெழுகுவத்திக் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. லேபுக்கு இருபது நிமிடம் லேட். சுகர் ரிப்போர்ட் நாற்பது, தைராய்டு பதினாறு. தட்டித் தட்டி விரல் மரத்துப்போனது. எம்.சி.ஏ. படித்த விரல்.

மதியம் சந்தாபுராவிலிருந்து ரோஸி அக்கா போன். மழை, தண்ணீர் லாரி, பிள்ளைகளின் சளி என்று சுற்றி வளைத்து, கடைசியில்: "மாமா சொல்லாதன்னாரு. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத." அக்கா வீட்டுக்காரர் அருள் மாமா ஃபேக்டரி வேலையை விட்ட பிறகு சரக்கு ஆட்டோ வாங்க லோன் கேட்டிருக்கிறார். பேங்கில் இல்லை என்றுவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அவர் பேரைத் தட்டியதும் என் படிப்பு லோன் வந்து நிற்கிறதாம். கட்டாத லோன். ஷூரிட்டி கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஒன்பது வருடம் முன்பு, ஸ்கூட்டர் சீட்டில் பேப்பரை வைத்து, "ஒரு கையெழுத்துதான, குடும்மா" என்று போட்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டேன்.

13, வெள்ளி

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று:

பேங்க்: முதல் இரண்டு வருட ஃபீஸ். வட்டியோடு இன்று 1,24,000.
காலேஜ்: மூன்றாம் வருட ஃபீஸ். அப்பா இறந்த வருடம். கட்டவே இல்லை. கெஞ்சிக் கூத்தாடிப் பரீட்சை மட்டும் எழுதினேன். ஃபைனோடு 42,000. அதுவரை டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் அவர்கள் பீரோவில்.

சர்ட்டிஃபிகேட் இல்லை, அதனால் கம்பெனி வேலை இல்லை. கம்பெனி வேலை இல்லை, அதனால் லோன் கட்டவில்லை, காலேஜுக்கும் கட்டவில்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

பேங்க்காரர்கள் போன் தொல்லைக்கு நான் மூன்று சிம் மாற்றினேன். மாமாவுக்கு அன்றைக்கிருந்த அதே நம்பர். அப்படியென்றால் அவருக்குப் போயிருக்கும், இத்தனை வருடமும். ஒரு கிறிஸ்துமஸுக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

16, திங்கள்

இரண்டு மணி நேரம் பர்மிஷன். பேங்க். மேனேஜர் நல்ல மாதிரி. பழைய லோன்களை முடிக்க மேலிடத்து உத்தரவாம். "செவன்ட்டி கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டுடலாம்."

எழுபது! வீட்டு ஓனரம்மா நடத்தும் சீட்டில் இந்த மாதம் என் முறை, 1,15,000. பேங்குக்கு 70, காலேஜுக்கு 42. சர்ட்டிஃபிகேட் கைக்கு வரும், மாமாவுக்கு லோன் வரும். மீதி மூவாயிரம்.

பஸ்ஸில் சீட் கிடைத்தது. செருப்பு வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ரொம்ப நாள் கழித்து ஒரு நல்ல திங்கள்கிழமை.

18, புதன்

கையெழுத்துப் போடப் போனேன். கவுண்டர் அம்மா பேப்பரைப் புரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், கன்னடம் கலந்த தமிழில். "நோடி மேடம், இங்க பாருங்க, ஷூரிட்டி யாரு? அக்கா வீட்டுக்காரரா? யோசிச்சு பண்ணுங்க. பாதி கட்டினா ரெக்கார்டுல 'செட்டில்டு'ன்னுதான் ஏறும். ரெண்டு பேர் மேலயும். அதப் பாத்துட்டு எந்த பேங்கும் அவருக்கு லோன் குடுக்காது. ஃபுல்லா கட்டினாதான் 'க்ளோஸ்டு'."

பேனாவை மூடினேன். செருப்பு அறுந்தது, வாசற்படியிலேயே. அதற்கும் நேரம் பார்த்திருக்கிறது.

19, வியாழன்

காலேஜுக்குப் போன் செய்தேன். தவணையில் கட்டி சர்ட்டிஃபிகேட் வாங்கலாமா? "ஆகல்ல மேடம், முடியாது. ஃபுல் கட்டி எடுத்துக்கோங்க. பத்திரமா இருக்கு." எனக்குத் தெரியாதா, பத்திரமாகத்தான் இருக்கும்.

ஒன்று மாமா, இல்லை சர்ட்டிஃபிகேட். இரண்டும் சேர்ந்து நடக்காது.

யார் அவரைப் படிக்காமல் போடச் சொன்னது? மத்தியானம் முழுக்க அவர் மேல் கோபம். சாயங்காலம் என் மேலேயே திரும்பியது. யாரோ ஒருவரின் ரத்த ரிப்போர்ட்டில் வயதை மாற்றித் தட்டிவிட்டேன். டாக்டர் கத்தினார். நியாயம்தான்.

21, சனி

சந்தாபுரா. பஸ்ஸில் நின்றுகொண்டே. மாமா குழாய் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். "என்னம்மா இளைச்சுட்ட? லேப்ல பிழிஞ்சு எடுக்கறானா?" லோன் பற்றி மூச்சே இல்லை. அக்கா எனக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டேயிருந்தாள், சொல்லிவிடாதே என்று.

ஃபிரிட்ஜ் கதவில் சரக்கு ஆட்டோ விளம்பரம், பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியது. விலையைச் சுற்றிப் பேனா வட்டம். தேங்காய், காய்கறி, வாடகை சாமான் என்று பக்கத்தில் மாமா கையெழுத்தில் ஒரு பட்டியல். இன்னும் கிழிக்கவில்லை.

அக்கா கருவாட்டுக் குழம்பு கட்டிக் கொடுத்தாள். திரும்பும்போதும் நின்றுகொண்டேதான்.

24, செவ்வாய்

சிவாஜிநகர். அடகுக் கடை. கழுத்துச் செயினுக்கு ஒன்பதாயிரம். சேட் எடை போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

சீட்டுப் பணத்தோடு சேர்த்து முழுசாகக் கட்டினேன். 1,24,000. மேனேஜர், "பாதியில முடிஞ்சிருக்குமே மேடம்" என்றார். கவுண்டர் அம்மா 'க்ளோஸ்டு' லெட்டரில் இரண்டு சீல் குத்தினார். நன்றாக அழுத்தி. ரெக்கார்டு சரியாக இரண்டு மூன்று மாதம் ஆகுமாம், இரண்டு பேருக்கும்.

பாக்கி கேட்டு வந்த காலேஜ் நோட்டீஸை மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தேன். பழகிய இடம்தான் அதற்கு. தூங்க வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வந்தார், தனியாக, கையில் ஃபைல். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். செயின் போனதை அக்கா சொல்லியிருக்கிறாள்.

டீ போட்டேன். ஃபைலை மடியிலேயே வைத்திருந்தார். "பேங்க்ல சரின்னுட்டான்" என்றார். ஃபைல் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "சம்பள ஸ்லிப் இருக்கிற ஆள் ஒருத்தர் ஷூரிட்டி வேணுமாம். யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கணும்."

"குடுங்க மாமா."

நாலு தாள். பொடி எழுத்து. ஒரு வரி விடாமல் படித்தேன். கடன் வாங்கியவர் தவறினால், வட்டி, அபராதம், வழக்குச் செலவு. அவர் டீ ஆறிப்போனது.

"அன்னைக்கு நான் இதெல்லாம் படிக்கலம்மா."

"படிச்சிருந்தா?"

மாமா ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். "படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

மூன்று இடத்தில் கையெழுத்து. போட்டேன்.