சுவரில் வடிந்த மஞ்சள்

ஒக்டோபர் 29, புதன்

சின்யோரா இன்று என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ தெரியவில்லை.

கால்சாப் பகுதியில் நான் கூட்டித் துடைக்கும் சப்பாத்துக் கடை அவருடையது. ஹாலோவீனுக்குக் கண்ணாடி யன்னலுக்குள் பழைய பேய்வீடு ஒன்று வேண்டுமென்றார். அந்தக்காலப் பூப்போட்ட சுவர்த்தாளின் விலையைக் கேட்டதும் அடங்கிப்போனார். நான் செய்கிறேன் என்றேன். பார்சல் சுற்றும் தாளுக்கு மஞ்சள் தண்ணீர் பூசிப் பழசாக்கினேன். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, பெயின்றில் தோய்த்துப் பூப்பூவாகக் குத்தினேன். இன்று காலை கோதுமை மாப் பசை காய்ச்சி, யன்னலின் பின்சுவரில் ஒட்டினேன். அச்சு அசலாக வந்தது.

போன கிழமை அதே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும் நான்தான். அதை மறந்துபோனேன். மத்தியானம் பார்த்தால் ஈரம் ஊறி, பூக்களுக்கிடையே சிவப்பாக வடிந்திருந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன நிறம் வருமென்று தெரியாதவளா நான்?

கிழிக்கக் கை வைத்தபோது சின்யோரா வந்துவிட்டார். "இரத்தம்! எப்படிச் செய்தாய்?" என்று துள்ளினார். நத்தார் யன்னலும் இனி என் பொறுப்பாம். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

பின்னேரம் அந்த வழியால் வந்த எங்கள் ஊர்ச் செல்வியக்கா மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தா.

"என்னடி, ஆலாத்தித் தண்ணியை ஊத்தி வைச்சிருக்கிறாய்?"

"ஓம் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பேய்வீடு கேட்ட மனுசிக்கு ஆலாத்தி எடுத்து, கண்ணூறு நாவூறு கழித்துக் கொடுத்திருக்கிறேன். இனி எந்தப் பேய் அந்தக் கடைப்பக்கம் வரும்?