அனந்த் பெயரில் மூன்று வாரம்

டாலிகஞ்ச், கொல்கத்தா
16 மார்ச் 2025

அன்புள்ள மேக்னாவுக்கு,

உங்கள் வங்காள வழக்கப்படி நீ காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அமலா எழுதுவது. உன் செய்தி வியாழக்கிழமையே வந்துவிட்டது. பிறகு நீ மூன்று முறை அழைத்ததையும் பார்த்தேன். எடுக்க முடியவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அதனால்தான் கடிதம். எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன்.

நீ போயிருக்கிற நாட்டில் குளிர் குறைந்ததா? இங்கே மின்விசிறி போட ஆரம்பித்துவிட்டோம். போன வாரம் கரியாஹாட் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "ஒரு மாசம் லேட்டா போய்ச் சேர்ந்தாளே, விட்டுப்போன பாடத்தையெல்லாம் எப்படிப் பிடிக்கப் போறாளோ" என்று கவலைப்பட்டார். நான் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகும் சமைக்கத் தோன்றவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடுதியில் உன் அறைக்கான தபால் பெட்டி. அதில் அச்சடித்த சீட்டு: அனந்த் விஸ்வநாதன். "காக்கிமா, அவன் போயி ஏழு மாசம் ஆச்சே, இது எப்படி இங்க?" என்று கேட்டிருந்தாய். லோட்டே என்ற பெண் உன்னைத் தேடி வந்து, அனந்த் எப்போது வருவான் என்று விசாரித்ததாகவும், செப்டம்பர் முழுக்க அவன் தனக்கு எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவன் ஆகஸ்ட் பத்தொன்பதிலேயே இறந்துவிட்டான் என்று அவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை மேக்னா. எழுதியது நான்.

டெங்கு அவனை நான்கே நாளில் கொண்டுபோனது உனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் ஆபீசுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் அனந்தின் லேப்டாப்பைத் திறந்தேன். நீங்கள் இருவரும் சேர்ந்திருந்த அந்த ஆன்லைன் பாடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நகரத்து மழைநீர் பற்றிய எட்டு வாரப் பாடம்; அதில் முன்னால் வருகிறவர்களுக்கு, நீ இப்போது இருக்கிற பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைக்கும். அவன் ஐந்து வாரம் முடித்திருந்தான். "அனந்த், உன்னை இரண்டு வாரமாகக் காணோம். இன்னும் நேரம் இருக்கிறது" என்று இருந்தது. ஏதோ இயந்திரம் அனுப்புவதுதான். ஆனால் அவனை இன்னும் யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அவன் இல்லை என்ற விஷயத்தைச் சொல்லி எழுதத்தான் உள்ளே போனேன். அவன் நிறுத்திய இடத்தில் வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. முடிந்ததும் பத்துக் கேள்விகள். எட்டுக்குச் சரியாக விடை சொன்னேன். "மிக நன்று, அனந்த்!" என்று திரையில் வந்தது. அந்த ஒரு வரிக்காக மறுநாளும் உட்கார்ந்தேன்.

பாடத்தில் நீ வேறு குழு; அவன் குழுவில் இருந்தவள் லோட்டே. அவள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதாக எழுதுவாள். மழைக்கு எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதை நான் எழுதுவேன். ஒரு முறை, அனந்தின் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நலமாக இருக்கிறார், கொஞ்சம் அதிகமாகக் கவலைப்படுவார் என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு நாழி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது.

கடைசிக் கட்டுரையை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டி அப்படியே போட்டிருக்கிற பள்ளத்தைப் பற்றி எழுதினேன். அதில் எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, கொசு முட்டையிட்டுப் பெருக எத்தனை நாள் ஆகும் என்று நாள் நாளாக எழுதினேன். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த மதிப்பெண்ணால் என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பாடம் முடிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

பிறகு துர்கா பூஜை விடுமுறையில் நீ வந்தாய். சப்தமி அன்று, நீல நிறப் புடவையில். ஐந்து கல்லூரிக்கும் சேர்த்து இரண்டே இடம், பட்டியலில் பெயர் கிடையாது, பதிவு எண் மட்டும்தான், நீ மூன்றாவது என்று சொன்னாய். "ரெண்டு பேரும் சேந்து போகணும்னுதானே படிச்சோம். நானாவது போயிருந்தா அவன் பாக்க ஆசைப்பட்டதெல்லாம் பாத்திருப்பேன்" என்று சொல்லி அழுதாய். நீ வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டதை நான் கவனிக்காமலா இருந்தேன்? உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். முதல் பதிவு எண் யாருடையது என்பது அப்போது எனக்குத் தெரியும். தேர்வானதாக அனந்துக்குக் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

நீ போன பிறகு, சம்மதம் என்ற இடத்தை அழுத்தினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. மறுப்பு என்று ஒரு பொத்தானும் பக்கத்திலேயே இருந்தது. விரல் அங்கே போகவில்லை. நவம்பரில் அவனுக்கு அறை ஒதுக்கினார்கள். மூன்றாவது மாடி, ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால் என்று எழுதியிருந்தார்கள். அவன் அங்கே போய் இறங்கிவிட்ட மாதிரி, அவனுடைய துவைத்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன்.

விசா சம்பந்தமாக ஜனவரி மூன்றாம் தேதி வீடியோவில் பேச வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள், படிக்க வர இயலவில்லை, இடம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உன்னை நினைத்துத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது உண்மை இல்லை. முகம் கேட்டார்கள். அது என்னிடம் இல்லை. அதன் பிறகுதான் உனக்கு அழைப்பும், அவனுக்கு ஒதுக்கியிருந்த அதே அறையும் வந்தன. விசா தாமதமாகி, ஒரு மாதப் பாடம் போனது என்னால்தான்.

உன் செய்தி வந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "அவனோட பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். ஆபீஸ்ல தினம் மூணு மணிக்குத் தொறந்து பாப்பேன். அனந்த் கடைசியா உள்ள வந்தது இன்னைக்கு ரெண்டு நாப்பதுன்னு காட்டும். நீதான்னு தெரியும். தெரிஞ்சுதான் பாத்தேன்." ஒரே வீட்டில் இரண்டு பேரும் அவனை அப்படி நடமாட விட்டிருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நேற்று உன் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பிவிட்டோம். இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மேக்னாவுக்கு இதில் எதுவும் தெரியாது, அவள் இடம் அவள் படித்து வாங்கியது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். இதனால் அடுத்த வருடம் இங்குள்ள கல்லூரிகளுக்கு அந்த இரண்டு இடமும் இல்லாமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது. உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால் எனக்காக எதையும் மறைக்காதே.

லோட்டேயிடமும் நீதான் சொல்ல வேண்டும். முதல் ஐந்து வாரம் எழுதியவன் அனந்த், பிறகு எழுதியது அவன் அம்மா என்று சொல். அந்தப் பெண்ணிடம் பொய்யான பெயரில் பேசினேனே தவிர, பேசியது எதுவும் பொய் இல்லை. நம்புவதும் நம்பாததும் அவள் விருப்பம்.

பத்திரமாக இரு அம்மா. வேளைக்குச் சாப்பிடு. போன மாதத்துப் பாடங்களை யாரிடமாவது கேட்டுப் படித்து, எல்லாவற்றிலும் தேறி வா. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காமல் ஒரு நாளும் எனக்குப் போவதில்லை. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். வங்காளத்தில் எழுதினாலும் சரி, யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அமலா காக்கிமா