பதினான்காம் விதியின்படி நான் நீக்கப்பட்டமை

எசன், ஜேர்மனி, 23 பெப்ரவரி 1997

இதை எழுதுபவன், முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டப் பத்திரங்கள் எழுதும் பிரசித்த நொத்தாரிசாகவும், சென்ற ஞாயிறு வரை இவ்வூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் யாகப்பர் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்த உன் தகப்பன்.

அன்புள்ள மகள் எவ்லினுக்கு, ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் நோ மட்டும் விதிவிலக்கு. மாறான தகவல் எதுவும் கிடைக்காதபடியால் ரொறன்ரோவில் நீயும் மருமகனும் அவ்வாறே இருப்பதாகக் கொள்கிறேன்.

என் பதவி பறிபோனதை அம்மா தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னதாக அறிகிறேன். அவள் சொன்னது பொய்யல்ல, முழுமையுமல்ல. நத்தார் ஒளிவிழாவில், ஆண்டறிக்கை வாசித்து ஏற்கப்படும்வரை சாப்பாடு பரிமாறலாகாது என்று நான் தீர்ப்பளித்தது உண்மை. செயலாளர் கொட்வின் எழும்பி, "அண்ணை, கறி உறையுது, அறிக்கை உறையாது, பிறகு வாசியுங்கோ" என்றான். நிராகரித்தேன். நன்றியுரையை நான் அடையுமுன் மண்டபக் காப்பாளர் நேரம் முடிந்ததென்று விளக்கை அணைத்துவிட்டார். சனங்கள் வெளியே பனியில் நின்று, கார்களின் மேல் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டார்கள்.

அதன் விளைவே பதினான்காம் விதியின் கீழான மனு. பதவிக்காலம் முடியுமுன்பே தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்து நீக்கலாம் என்ற அவ்விதியை, எனக்குப் பின் வரக்கூடிய தலைவர்களை மனத்திற்கொண்டு நானே எழுதியிருந்தேன். சென்ற ஞாயிறு கூட்டம் செல்லுபடியாவதற்கு ஓராள் குறைவு. கொட்வின் முகம் வாடி, "தப்பிட்டியள் அண்ணை, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போவம்" என்றான். குசினியில் அந்தத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவும் உறுப்பினரே. ஆள் குறைவால் பிழைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று அவளை நானே அழைத்து இருத்தினேன். தன் வழக்கில் தானே தீர்ப்பளிப்பது முறையல்லாதபடியால் நான் வாக்களிக்கவுமில்லை. அம்மா ஈரக் கையை உயர்த்தினாள். ஒரு வாக்கால் நீக்கப்பட்டேன்.

திரும்பும் வழியில் காரணம் கேட்டேன். "இஞ்சருங்கோ, ரெண்டு வருசமா ஞாயிற்றுக்கிழமையில உங்களை வீட்டில காணேல்லை. ஒன்றியத்துக்குத் தலைவர் ஆரும் வரலாம், எனக்கு வேற ஆர்?" என்றாள்.

பதவியில்லாத முதலாவது ஞாயிறு இன்று. பூசையால் வந்து குசினியில் துணையாக நின்றேன். மீன் போடுமுன் உப்பை உறுதிப்படுத்தும்படியும், தூள் போத்தல்களுக்குப் பெயரொட்டி வரிசைப்படுத்தும்படியும், வெங்காயம் ஒரே அளவில் இருப்பது நலமென்றும் ஆலோசனை கூறினேன். மதியத்துக்குள் அவள் கொட்வினைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அண்ணையைத் திருப்பி எடுக்க ஏலாதோ? நான் தெரியாமல் கையைத் தூக்கிப்போட்டன்" என்பது கேட்டது. நீக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்கு எப்பதவியும் ஏற்கலாகாது என்ற, அதே பதினான்காம் விதியின் கடைசி வரியை இருவருக்கும் வாசித்து விளக்கினேன். அம்மா கதிரையில் இருந்துவிட்டாள்.

உன்னிடம் மூன்று மாதம் வந்து நிற்கலாமோ என்று கேட்கச் சொல்கிறாள். தனியாக. மறுமொழியைத் தயவுசெய்து யோசித்து எழுது.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கரத்தில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா, அ. அம்புறோஸ் (ஒப்பம்)

சாட்சிகள்:
இமெல்டா அம்புறோஸ் (நான் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன்)
கொட்வின், புதிய தலைவர் (தேத்தண்ணிக்கு வந்த இடத்தில்)