ஸஹர் நெய்

ஸவாஹிரா,

நீ கோபித்துக்கொண்டு போன உம்மா வீட்டிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க முடியவில்லை, கடை பூட்டிக் கிடக்கிறது. அலுமாரிச் சாவி நெய்ப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் போத்தலைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நச்சரித்தபடியே காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்குமுன் டாக்டர் துரை, "வெறும் வயிறா?" என்று கேட்டார். "நோம்புங்க" என்றேன். அதைவிட வெறும் வயிறு உண்டா! கண்ணாடிக் குழாயை நிறுத்தி வைத்தார்கள். சற்று நேரத்தில் சிவப்பு கீழே இறங்க, மேலே பால் நின்றது. அல்லாஹ்வே, என் ரத்தத்தில் பால்!

டாக்டரும் மிரண்டுதான் போனார். விடியுமுன் ஸஹருக்கு நெய்ச்சோறு தின்றேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். நெய் வயிற்றோடு நிற்காதாம். குடலிலிருந்து பாலாகக் கரைந்து ரத்தத்தில் ஏறி, உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் தெளியுமாம்.

நேற்று நெய் போதாது என்று நான் கத்தினேன். இன்று நீ, "இந்தாங்க, குடிங்க!" என்று சோறு மிதக்க ஊற்றினாய். நானும் வீம்புக்கு வழித்துத் தின்றேன்.

நாளை மறுபடி எடுப்பார்கள். அப்போதும் பால் நின்றால் அது நோயாம். ஸஹருக்கு என்னை எழுப்பாதே. இன்று நோன்பு திறக்கக் கஞ்சி போதும், தேங்காய்ப்பால் விடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். எவ்வளவு ஊற்றினாலும் இந்த மனுஷன் உடம்பில் எதுவும் சேர்வதில்லை என்று அழுவாயே. சேர்ந்திருக்கிறது, ஸவாஹிரா. இன்று என் கண்ணால் பார்த்தேன்.