பேராதனை மழையில் மடக்கிய குடை

சேசு மரி சூசை துணை

பூண்டுலோயா,
16.6.1959

அன்புள்ள மகள் ஐவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நுவரெலியாக் குளிரில் உன் இருமல் விட்டதா? விடுதி மதர் தரும் கஷாயத்தை ஜன்னல் வழியே ஊற்றாமல் குடி.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. சரித்திரப் பட்டப் படிப்புக்குத் திருச்சியிலும் இடம், இங்கே பேராதனை யூனிவர்சிட்டியிலும் இடம், அப்பாவே முடிவு சொல்லுங்கள் என்று எழுதிவிட்டாய். உன் அம்மா திருச்சிக் கட்சி. அவள் அண்ணன் வீடு பக்கத்தில் இருக்கிறது, குமரிப் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்கிறாள். ஆனால் நமக்கு இன்னும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. இந்தியாவுக்குப் போனவர்களைத் திரும்ப இந்தக் கரையில் இறங்க விடுவது நிச்சயமில்லை என்று தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் திருச்சி என்றே சொன்னாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று, போன வியாழன் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பேராதனைக்கே போய்விட்டேன். உன்னிடம் சொல்லாமல் போனதற்குக் கோபிக்காதே.

என்ன இடம் மகளே அது! அங்கேயும் மலைதான், ஆனால் ரோட்டோரம் பூமரங்கள். புத்தகம் வைக்க மட்டுமே நம் மாதா கோயிலைப் போல் பல மடங்கு கட்டடம். இத்தனையும் பிள்ளைகள் படிக்கத்தானா என்று வாய் பிளந்து நின்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. எதிரே கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். தோட்டத்தில் துரை வந்தால் நாம் செய்வதைத்தான் செய்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டை விட்டுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்றேன்.

அவர் பின்னால் உன் வயதுப் பெண் ஒருத்தி விரித்த குடையோடு ஓடி வந்தாள். ஏதோ ராஜா காலத்துச் சங்கதி. நீங்கள் சொன்னது சரியில்லை என்று அவரிடமே சிங்களத்தில் வாதாடினாள். அவர் கோபப்படவில்லை, நின்று கேட்டார். அந்தக் குடைக்குள் உன் முகம்தான் தெரிந்தது.

அவள் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். "மழையிலே ஏன் குடையை மடக்கிட்டீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். பரிகாசம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் அப்பா மடக்கினார், நானும் மடக்கினேன். இதை யார் தொடங்கினார்கள், எந்தக் காலத்தில் என்று நான் யோசித்ததேயில்லை. அதையெல்லாம் விசாரிக்கிற படிப்புதான் உன் படிப்பு என்று பஸ்ஸில் வரும்போது விளங்கியது.

நேற்றும் இங்கே மழை. வேலைக்குப் போகும் வழியில் துரை எதிர்ப்பட்டார். மடக்கித்தான் நின்றேன். ஏன் என்று மட்டும் முதல் தடவையாக எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

முடிவு உன்னுடையது. அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. திருச்சி என்றால் தடுக்கமாட்டேன், தலைமன்னார் வரை வந்து கப்பல் ஏற்றிவிடுவேன். பேராதனை என்றால் உன்னிடம் ஒன்று கேட்பேன். லீவுக்கு வரும்போது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நம் லயத்து வீடு வரை, துரை பங்களா வழியாக, என்னையும் உன் குடைக்குள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நட. துரை வந்தால் என் கை தானாக மடக்க வரும். நீ பிடியை விடாதே.

மாதா உன்னைக் காப்பாளாக.

உன் அப்பா,
ம. இக்னேசியஸ்