குழாய் சிறிது என்று சொன்னவருக்கு

பாய்,

இன்று காலை பக்கத்து வீட்டில் அடுப்பில் எண்ணெய் வாணலியை வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். கருகும் எண்ணெயின் காரமான நெடி ஜன்னல் வழியே வந்ததும் நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், "நெருப்பை இழுங்கோ, நெருப்பை இழுங்கோ" என்று கத்தினேன். அந்த வீட்டு மருமகள் நிதானமாக வாணலியை இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லை மாமி, அப்பளத்துக்கு வெச்சேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. இந்த மடலை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

யுத்தத்தின் நடுவில் மதராஸில் பெட்ரோல் இல்லாமல் போன காலம் அது. பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். நான் படித்த ரசாயனம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. புங்க எண்ணெயைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சினால் மண்ணெண்ணெய் போல ஒன்று வடியும் என்று எங்கோ படித்து, அதை ஒரு தாளில் விளக்கி, காலமான என் அப்பாவின் சிநேகிதரான பஸ் முதலாளியிடம் கொடுத்தேன். அவர் மந்தவெளிக்குத் தெற்கே ஆற்றோரத் தென்னந்தோப்பில் ஒரு கொட்டகையைக் காட்டினார். கூடவே செம்பு வேலைக்கு உங்களையும் அனுப்பினார். உங்களுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் முதல் நாளிலிருந்தே நீங்கள் எனக்கு பாய், நான் உங்களுக்கு டீச்சரம்மா.

இரண்டு பானைகள் நம் திட்டம். முதல் பானையில் வடிவது கறுப்பான கச்சா எண்ணெய். இரண்டாவதில் அதை மறுபடி காய்ச்சி, லேசானதை பஸ்ஸுக்கும் கனமானதை விளக்குக்கும் பிரிக்க வேண்டும். என் வரைபடத்தைத் தரையில் விரித்து நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு முதல் பானையின் மூடியிலிருந்து ஆவி போகும் குழாயின் மேல் விரலை வைத்தீர்கள்.

"இது சின்னதா கீதேம்மா. பன்னீர் காய்ச்சற பாத்திரத்துக்கே நான் இத்தவிட பெருசா வெக்கிறேன்."

"செம்பு கிடைக்கிறதில்லையே பாய். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். எவ்வளவு ஆவி வருமோ அதுக்கு இது போதும்."

"ஆவி செரி. சுண்ணாம்பு போட்டா நுரை கட்டுமே. கணக்குல நுரை கீதா?"

நான் சிரித்தேன். படித்தவள் படிக்காதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. நீங்கள் மேலே ஒன்றும் சொல்லாமல் தாளைச் சுருட்டிக்கொண்டு போனீர்கள். பத்து நாளில் நான் வரைந்ததை வரைந்தபடியே, ஒரு நூல் பிசகாமல் செய்து கொண்டுவந்தீர்கள்.

சிறிய அளவில் இரண்டு தடவை காய்ச்சியபோது சரியாகவே வந்தது. அதனால் அனுமதி கொடுக்கும் சர்க்கார் அதிகாரி பார்க்க வந்த அன்று பானையை முக்கால்வாசி நிரப்பச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் முதலாளியின் பஸ்கள் ஓடும். நின்றால் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் வேலை இல்லை. காலை பத்து மணிக்கு அடுப்பு மூட்டினோம். பதினோரு மணிக்குச் சொட்ட ஆரம்பித்தது. அதிகாரி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டினார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அப்பா உயிரோடு இருந்தது போல இருந்தது.

பிறகு சொட்டு மெதுவாகி, நின்றது.

"சூடு போதலை. இன்னும் விறகு வையுங்கோ" என்றேன்.

நீங்கள் விறகு வைக்கவில்லை. சுத்தியல் காம்பால் பானையை லேசாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டீர்கள். "குழா அடைச்சிக்கிச்சு. நெருப்ப இழுத்துடலாம்மா."

"அதிகாரி நிக்கறார் பாய். அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்."

மூடியைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டது. அங்கிருந்து சீறல் கேட்டது. கருகும் எண்ணெயின் நெடி கொட்டகை முழுக்கப் பரவியது. நீங்கள் என் ஐந்து நிமிஷத்துக்குக் காத்திருக்கவில்லை. எரியும் கட்டைகளைக் கம்பியால் வெளியே இழுத்து, ஈரமணலை அள்ளிக் கொட்டினீர்கள். "எல்லாரும் வெளிய போங்க" என்றீர்கள். மற்றவர்கள் ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். தைரியத்தால் அல்ல, கால் எழவில்லை.

"இங்க இன்னா நிக்கிற? போ" என்றீர்கள். என்னிடம் நீங்கள் மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரே தடவைதான்.

தென்னை மரத்தின் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எதை எண்ணினேன் என்று நினைவில்லை. அடைபட்ட ஆவியை வெளியே விட, உள்ளே மூடியின் கொக்கிகளை நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பெரிய சீறலோடு வெள்ளைப் புகை கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. நீங்கள் நடந்துதான் வெளியே வந்தீர்கள். இடது கையில் முழங்கைவரை தோல் வழன்றிருந்தது.

முதலாளி அதிகாரியிடம் அவசரமாகச் சொன்னார்: "பெரிசா ஒண்ணுமில்ல சார். செம்புல பத்தவெச்ச இணைப்பு சரியில்ல. வேற ஆள வெச்சு செஞ்சுடலாம்."

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"வேலைல கோளாறு இல்ல சார்" என்றீர்கள், கையைத் தூக்கிப் பிடித்தபடி. "குழா சின்னது. டீச்சரம்மா சின்னதா வரைஞ்சாங்க. நான் சொன்னேன், கேக்கல."

அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு காரில் ஏறினார்.

ஒன்பது நாள் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. உங்கள் கை என்ன ஆயிற்று என்று நினைத்ததைவிட, அத்தனை பேர் நடுவில் என்னைச் சொல்லிவிட்டீர்களே என்று நினைத்ததுதான் அதிகம். பத்தாம் நாள் அம்மா உள்ளே வந்து, "வாசல்ல யாரோ கையில கட்டுப் போட்டுண்டு நிக்கறார். தோள்ல ஒரு குழாய் வேற" என்றாள்.

அந்தக் குழாய்க்குள் என் முஷ்டி தாராளமாகப் போகும்.

"இதை எதுக்குக் கொண்டு வந்தேள்? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"இன்னா முடிஞ்சுது? தப்புன்னு சொன்னேன். வேணாம்னா சொன்னேன்?"

"அதை அங்கேயேதான் சொல்லணுமா?"

"அங்க சொல்லலன்னா என் கைவேல மட்டம்னு எழுதிக்கினு போயிருப்பாரு. புதுசா வரவனும் இதே சின்ன குழாய வெப்பான். அப்போ பக்கத்துல நீங்கதான் நிப்பீங்க."

நான் உள்ளே போய்ப் புதுத் தாள் எடுத்து வந்தேன்.

இந்த முறை குழாய் பெரிது, பானை பாதிதான் நிறையும், மூடியில் அழுத்தம் ஏறினால் தானே தூக்கிக்கொள்ளும் ஒரு எடைக்கல். அதிகாரி மறுபடி வர நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரே ஒரு பஸ்ஸுக்குத்தான் அனுமதி கிடைத்தது. மயிலாப்பூர் குளத்திலிருந்து தியாகராய நகருக்கு அது போனபோது, வழியெல்லாம் பலகாரக் கடை வாசனை அடித்தது. "இன்னாபா, பஸ்ஸுல வடை சுட்டுக்கினு போறியா?" என்று யாரோ டிரைவரைக் கேட்டார்கள். நீங்கள் பின் ஸீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். நான் ஒரு சோப்புக் கம்பெனியில் எண்ணெய் வேலைக்குப் போனேன். அங்கும் நீங்கள்தான் எனக்குப் பாத்திரம் செய்தீர்கள், பல வருஷம்.

போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் இருந்த தழும்பைப் பற்றி நீங்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"எப்ப கேட்டாலும் ஒண்ணுதாம்மா சொல்லுவாரு" என்றார் அவர். "'எம்மேலதான் தப்பு. ஒரு தபா சொல்லிட்டு சும்மா இருந்துட்டேன். இன்னொரு தபா சொல்லி இருக்கணும்'னு."

ஒரு தடவை சொன்னது போதவில்லை என்று இத்தனை வருஷம் நீங்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்கள் கை ஆறிற்றா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று தோப்பில், பழி உங்கள் மேல் விழுந்த அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. கேட்க நீங்கள் இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பற்றவைத்த இணைப்பில் ஒரு குறையும் இல்லை, பாய். குழாயைச் சிறிதாக வரைந்தது நான்தான்.