தபால்தலை ஒட்டாத கடிதம்

என் கோபக்காரிக்கு,

"போர்வை போர்த்திவிட்டதுக்கா இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். கத்தியது நானில்லை, என் கால் கட்டைவிரல். துணி பட்டாலே நெருப்பை வைத்ததுபோல் எரிந்தது.

தெருத்தெருவாகத் தபால் கொடுக்கிறவனுக்கு, நடக்க முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பு கடித்துவிட்டது என்று ஆறு மாதம் புளுகினேன். உன்னிடமும்தான்.

"இது கவுட், மூட்டுல யூரிக் அமிலம் படிஞ்சு வர்ற வாதம். இவ்வளவு வலியை வீட்டுல சொல்லவே இல்லையா?" என்றார் மருத்துவர்.

மாத்திரையில் வீக்கம் வடிந்துவிட்டது. இன்று ஷூ கயிற்றை இறுக்கியே கட்டினேன்.

உறையில் தபால்தலையைத் தேடாதே. நடந்தே கொண்டுவந்து போட்டுவிட்டு, வாசலில்தான் நிற்கிறேன். கதவைத் திற, அவசரத்தில் காலை மட்டும் மிதித்துவிடாதே.

உன் தபால்காரன்